ஜமைக்காவின் பழமொழிகளைக் காதில் வாங்குவது எப்படி

ஜமைக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம் ஆட்களை முதல் சில மாதம் பட்வா மொழி, அதாவது ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த ஊர்ப்பேச்சு, திணறடிக்கும். ஆங்கிலம் பேசும் நாடுதானே என்று நம்பி வந்திருப்பார்கள். போகப் போகக் காது பழகிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்த பிறகும் ஒரு விஷயம் பிடிபடாமல் நிற்கும். பேச்சுக்கு நடுவே யாராவது கோழியைப் பற்றியோ கரப்பானைப் பற்றியோ ஒரு வரி சொல்வார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒரே ஒருவர் முகம் மட்டும் சுருங்கும். அந்த முகம் ஏன் சுருங்கியது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

நான் இருப்பது மான்செஸ்டர் பாரிஷில் (பாரிஷ் என்றால் நம் மாவட்டம் மாதிரி), மாண்டவில் ஊரில். எனக்குத் தெரிந்த பழமொழிகளில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக்காரம்மா, அதாவது நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், உபயம். எழுபதைத் தாண்டியவர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், பழமொழி சொல்வார்.

பழமொழி காதில் விழுந்ததும் அதன் பொருளைத் தேடி ஓடாதீர்கள். யார் பேசினார், யார் காதில் விழட்டும் என்று பேசினார், அதை முதலில் பாருங்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன். கையில் காசு புழங்க ஆரம்பித்த புதிது. ராத்திரியானால் பெரிய ஸ்பீக்கர், கூட்டாளிகள், கும்மாளம். வீட்டுக்காரம்மா அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், பையன் வேலியோரம் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஈரப் போர்வையை ஓங்கி உதறிவிட்டு, வாயில் கவ்வியிருந்த கிளிப்பைக் கையில் எடுத்து, அந்தப் போர்வையிடமே சொல்வதுபோலச் சொன்னார்: ‘சிக்கின் மெரி, ஹாக் டெ நியர்.’ கோழிக்குஞ்சுக்குக் கொண்டாட்டம், பருந்து பக்கத்தில்தான் இருக்கிறது. பையனின் கை நின்றது. ‘மார்னிங், மிஸ்’ என்றான். ‘மார்னிங், மை சன்’ என்றார் இவர், முகத்தில் சிரிப்பு மாறாமல். அன்று ராத்திரி ஸ்பீக்கர் சத்தம் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இப்படிப் பேசுவதை இங்கே ‘வார்த்தையை எறிவது’ என்பார்கள். பூனையைத் திட்டுகிற சாக்கில் மருமகளைத் திட்டும் ஜாடைப் பேச்சு நமக்குப் புதிதா என்ன? அதே வித்தைதான். அதே கோழிக்குஞ்சையும் பருந்தையும் 1960களின் முதல் பாதியில் பாப் மார்லி இருந்த வெய்லர்ஸ் பாட்டுக் குழுவினர் ‘சிம்மர் டவுன்’ பாட்டில் வைத்தார்கள். மார்லி அப்போது இருபதைத் தொடாத பையன். கிங்ஸ்டன் தெருக்களில் கத்தியும் கையுமாகத் திரிந்த ‘ரூட் பாய்’ இளவட்டங்களுக்கு ‘கொஞ்சம் அடங்குங்கடா’ என்று சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ், சிறை என்றெல்லாம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பருந்து என்றால் எந்தப் பருந்து என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, அந்த வார்த்தை உங்கள் பக்கம் எறியப்பட்டால் என்ன செய்வது? ‘என்னையா சொன்னீர்கள்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கென்றே தனியாக ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: பன்றிக் கொட்டிலுக்குள் கல்லை எறிந்தால், எது கத்துகிறதோ அதன்மேல்தான் பட்டிருக்கிறது. நீங்கள் வாயைத் திறந்து கேட்ட நிமிஷமே கத்தியது நீங்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பையன் செய்ததுதான் சரியான முறை. காலை வணக்கம் சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிடுவது.

ஏன் இந்தச் சுற்றுவழி? கொஞ்சம் பின்னால் போனால் விளங்கும். 1655இல் ஸ்பெயினிடமிருந்து ஆங்கிலேயர்கள் இந்தத் தீவைப் பிடித்தார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கானவர்களை அடிமைகளாக இறக்கினார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1834இல். அதன் பிறகும் ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் அதே தோட்டத்தில் அதே வேலை. முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1ஆம் தேதிதான். அதுவரை முதலாளியிடமோ கங்காணியிடமோ நேருக்கு நேர் பதில் பேசினால் சாட்டை. அதனால் பேச வேண்டியதை நாய், பூனை, குரங்கின் தலையில் ஏற்றிப் பேசினார்கள். ‘டெக் கின் டீட் கிபா ஹாட் பன்’ என்று ஒன்று உண்டு. பல்லைக் காட்டிச் சிரித்து, நெஞ்சு எரிவதை மூடிக்கொள். இதை வெறும் பொறுமை உபதேசம் என்று படித்தால் ருசி போய்விடும். எரிகிறது என்பதை அது மறைக்கவே இல்லையே. ‘டைம் லாங்கா டான் ரோப்’, கயிற்றைவிடக் காலம் நீளம், என்பதும் இந்த ரகம். எந்தக் கயிறு என்று சொல்பவர் சொல்ல மாட்டார். இன்றைக்கு வழக்கு இழுத்துக்கொண்டே போகிறவரும் இதைத்தான் சொல்கிறார்.

இந்த வம்சாவளியில் மூத்தவர் அனான்சி. இன்றைய கானாப் பகுதியின் அகான் மக்களுடைய கதைகளில் வரும் சிலந்தி. உருவத்தில் சிறுசு, தந்திரத்தில் பெரியவன், நல்லவன் என்று சொல்லவே முடியாது. புலியையும் பாம்பையும் ஏமாற்றுவான், சமயத்தில் தன் பெண்டாட்டி பிள்ளைகளையும். அனான்சிக் கதை முடிந்ததும் சொல்பவர் ‘ஜாக் மண்டோரா, மி நோ சூஸ் நன்’ என்று ஒரு முத்தாய்ப்பு வைப்பார். கதையைச் சொன்னேன், அவ்வளவுதான், பொறுப்பு என்னுடையது இல்லை என்று கையைக் கழுவிக்கொள்வது. பழமொழி சொல்பவருக்கும் இந்தக் கைகழுவல் உண்டு. வீட்டுக்காரம்மா கோழியைப் பற்றித்தானே பேசினார்?

அடுத்தது, பழமொழியில் வரும் பொருளையும் பிராணியையும் ஜமைக்காவில் அது இருக்கிறபடியே கண்முன் கொண்டுவருவது. ‘வன் வன் கோக்கோ ஃபுல் பாஸ்கிட்’ இங்கே யாருக்கும் தெரிந்த பழமொழி. கேட்டவுடன் நமக்கு ‘சிறு துளி பெரு வெள்ளம்’ ஞாபகம் வரும், புரிந்துவிட்டது என்று நகர்ந்துவிடுவோம். நகராதீர்கள். கோக்கோ என்றால் சாக்லேட் கொட்டை கிடையாது, தேங்காயும் கிடையாது. சேப்பங்கிழங்கு ஜாதிக் கிழங்கு ஒன்று. யானைக் காது மாதிரி இலை. மண்ணைக் கிளறினால் தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிய்த்து, மண் தட்டி, கூடையில் போட வேண்டும். அடிமைக் காலத்தில் தோட்ட முதலாளிகள் கரும்புக்கு உதவாத மேட்டு நிலத்தில் அவரவர் சாப்பாட்டை அவரவரே விளைவித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வாரம் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் மலையேறிப் போய்க் கிழங்கு நட்டார்கள். மிஞ்சியதைத் தலைச்சுமையாக ஞாயிற்றுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். சொந்தக் கையில் காசு பார்த்தது அங்கேதான். அந்தக் கூடை நிறைவது என்பது மழைத்துளி மாதிரி தானாக நடந்த காரியம் இல்லை. இன்றைக்கும் கிங்ஸ்டன் கொரொனேஷன் மார்க்கெட்டில் கிழங்கு குவித்து உட்கார்ந்திருக்கும் ‘ஹிக்லர்’ பெண்கள் அந்தச் சந்தையின் வாரிசுகள். அவர்களில் ஒருவர் இந்த வரியைச் சொன்னால் நான் பேரம் பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ‘ஆற்றைக் கடக்கும் வரை முதலையின் நீண்ட வாயைத் திட்டாதே.’ செயின்ட் எலிசபெத் பாரிஷில் ஓடும் பிளாக் ரிவர் ஆற்றில் படகில் போனால் கரையில் படுத்திருக்கும் முதலைகளைப் பார்க்கலாம். நாட்டின் இலச்சினையில் உச்சியில் இருப்பதும் முதலைதான். பெரியவர்களுக்கு அடங்கி நட என்று இந்தப் பழமொழி சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திட்டவே கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? கரையேறிய பிறகு திட்டு என்கிறது, அவ்வளவுதான். புது வேலை கையில் உறுதியாகும்வரை பழைய மேனேஜரிடம் மனசில் உள்ளதைக் கொட்டாமல் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

வெள்ளாடு நிறைய வரும். ‘ஆட்டுக்கு இனிப்பது அதற்கே வயிற்றால் போகும்’ என்பது பிள்ளைகளுக்குத் தினப்படி கிடைக்கும் அர்ச்சனை. விளக்கம் தேவையில்லை. ‘ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லுக்கு வெயில் சூடு தெரியாது’ என்பது மேலே இருப்பவர்களுக்கு. தேர்தல் சமயத்தில் அதிகம் கேட்கலாம்.

பிராணிகள் இரண்டு வந்தால் பெரியது எது, சிறியது எது, பேசுபவர் தன்னை எதன் இடத்தில் வைக்கிறார் என்று கவனியுங்கள். மாண்டவில்லிலிருந்து கிறிஸ்டியானா போகும் ரூட் டாக்சி. பின்சீட்டில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் டிரைவருக்கும் இன்னொருவருக்கும் நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளான ஜேஎல்பியா பிஎன்பியா என்று சண்டை. என் பக்கத்தில் ஒரு தாத்தா, மடியில் பை, ஜன்னல் பக்கம் பார்வை. ‘நீங்க சொல்லுங்க, பெரியவரே’ என்று டிரைவர் அவரை இழுத்தார். ‘காக்ரோச் நோ பிஸ்னஸ் இனா ஃபவுல் ஃபைட்’ என்றார் தாத்தா. கோழிச் சண்டையில் கரப்பானுக்கு என்ன வேலை? எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேலுக்குப் பார்த்தால் தன்னைக் கரப்பான் என்று தாழ்த்திக்கொண்டார். அப்படியே அந்த இரண்டு பேரையும், ஏன் இரண்டு கட்சியையும்கூட, கரப்பானைக் கொத்தித் தின்னும் கோழிகள் ஆக்கிவிட்டார். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தின்னப்படப்போவது தான்தான் என்பது சொல்லாமல் விட்ட பாதி. பக்கத்து ஹெய்ட்டியிலும் இதே ஜோடி வேறு மொழியில் உண்டு. கோழிக்கு முன்னால் கரப்பானுக்கு ஒருநாளும் நியாயம் கிடைக்காது என்பார்கள். இரண்டு தீவுக்காரர்களும் ஒரே கோழியைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்றுக்கொன்று முரணான பழமொழிகள் வந்தால் குழம்ப வேண்டாம். ‘கோழையின் எலும்பு உடையாது’ என்பார்கள். ‘நல்லது வேண்டுமென்றால் மூக்கு ஒழுகத்தான் வேண்டும்’, அதாவது பாடுபடாமல் எதுவும் வராது, என்றும் சொல்வார்கள். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன், மகனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று.

எழுத்தில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்வாவை அவரவர் காதுக்குப் பட்டபடி எழுதுகிறார்கள், ஒரே பழமொழி நாலு விதமாகக் கிடக்கும். ஜமைக்காவில் பிறந்த மொழியியலாளர் ஃபிரெடரிக் காசிடி ஒரு எழுத்துமுறை வகுத்தார், வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் இருக்கும் ஜமைக்கன் மொழிப் பிரிவு அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துகிறது. தெருவில் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. ஆகவே எந்த எழுத்தாக இருந்தாலும் வாய்விட்டு வாசியுங்கள், பாதி அப்போதே புரியும். காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் மிஸ் லூவின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். லூயிஸ் பென்னட் (1919–2006), பட்வாவில் கவிதை எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று படித்தவர்கள் நினைத்த காலத்திலேயே அதில் எழுதி, மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசியவர். பழமொழியை எங்கே நிறுத்தி எங்கே இழுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுத்தான் கற்க முடியும். அச்சில் 1910லேயே ஐசெட் ஆண்டர்சனும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஜமைக்காவின் செயலராக இருந்த ஃபிராங்க் கண்டாலும் சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் பருந்து இருக்கும், வேலியோரத்துப் பையன் இருக்க மாட்டான்.

நீங்களே சொல்லிப் பார்க்க ஆசை வரும். வயதில் மூத்தவர்மேல் பழமொழி எறியாதீர்கள், நாகரிகம் தெரியாதவர் ஆகிவிடுவீர்கள். உங்களையே குறிவைத்துச் சொல்வதில் ஆபத்தில்லை. அடுத்த வீட்டுச் சண்டையைப் பற்றி யாராவது உங்கள் வாயைக் கிண்டினால், ‘மி கம் யா ஃபி ட்ரிங்க் மில்க், மி நோ கம் யா ஃபி கவுண்ட் கவ்’ என்று சொல்லலாம். பால் குடிக்க வந்தேன், மாட்டை எண்ண வரவில்லை. வெளியூர்க்காரர் வாயில் இது நன்றாகவே எடுபடும்.

சேகரிக்க நினைத்தால் ‘ஒரு பழமொழி சொல்லுங்களேன்’ என்று கேட்காதீர்கள். டூரிஸ்ட் பனியனில் அச்சடித்திருக்கும் அதே நாலு வரிதான் வரும். அதற்குப் பதில் உங்கள் தலைவலி ஒன்றை அவர்கள் முன் வையுங்கள்: ஆபீசில் ஒருவன் நல்ல பெயர் தட்டிக்கொண்டு போகிறான், கடன் கொடுத்த ஆள் இப்போது கண்டும் காணாமல் போகிறார், இந்த மாதிரி. கடைசியாக நான் அப்படி ஒன்றைச் சொன்னபோது வீட்டுக்காரம்மா கங்கோ பட்டாணி, அதாவது நம் பச்சைத் துவரங்காய், உரித்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சோற்றுக்கு எல்லா வீட்டிலும் அது உரிபடும். தலை நிமிராமலே, ‘மெலிந்த நாய்க்கு இரக்கப்பட்டாய், அது திரும்பி உன்னையே கடித்தது’ என்றார். கேட்ட அன்றே எழுதிவையுங்கள். பழமொழியின் கூடவே யார் சொன்னது, யாருக்கு, எதற்காக என்றும். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டால் பேச்சு சர்ச்சில் பேசுகிற மாதிரி அடக்க ஒடுக்கமான பேச்சாக மாறிவிடும்.