சந்தை தள்ளாடும்போது வீட்டை விற்கலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

அடுத்த ஆண்டு வீட்டு விலை ஏறுமா, இறங்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விற்றால் கைக்கு எவ்வளவு வரும், காத்திருந்தால் என்ன செலவாகும், வரும் பணம் எங்கே போகப்போகிறது என்ற மூன்றையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். முடிவை இந்த மூன்றை வைத்து எடுங்கள்.

முதலில் கைக்கு வரும் தொகை. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான். படிந்த விலை வேறு. உங்கள் வீட்டை ஒத்த மூன்று நான்கு வீடுகள், கடந்த 6 மாதத்துக்குள் கைமாறியவை, என்ன விலைக்கு முடிந்தன என்று விசாரியுங்கள். அந்த விலை 95 லட்சம் என்று வையுங்கள்; இனி வரும் தொகைகளும் லட்சத்தில்தான். தரகு, பத்திரச் செலவு 4, பழுதுபார்ப்பு 2, வீடு மாற 1, கடனை முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் 1, பாக்கிக் கடன் 50. மிச்சம் 37. இனி விலை 10 சதவீதம் இறங்கி 85.5 ஆனால் என்ன ஆகும்? செலவும் கடனும் அப்படியே நிற்கும். கைக்கு வருவது 27.5. வீட்டின் விலை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது, உங்கள் பணமோ கால் பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. கடன் பாக்கி அதிகமாக உள்ளவர்களுக்குச் சந்தைச் சரிவு இத்தனை வலிப்பது இதனால்தான். விற்று வரும் லாபத்துக்கு வரி உண்டென்றால் அதையும் கழியுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

அடுத்தது காத்திருப்பதன் செலவு. அதே வீடு பூட்டிக் கிடக்கிறது என்று கொள்ளுங்கள். 50 கடனுக்கு 8 சதவீத வட்டி ஆண்டுக்கு 4. பராமரிப்பு, வரி, காப்பீடு 1.5. கைக்கு வந்திருக்க வேண்டிய 37 வேறெங்காவது 5 சதவீதம் ஈட்டியிருந்தால் 1.85. மொத்தம் 7.35. அதாவது ஓராண்டு காத்திருப்பது நட்டமாகாமல் இருக்கவே விலை ஏறக்குறைய 8 சதவீதம் ஏற வேண்டும். நீங்களே குடியிருந்தாலோ வாடகைக்கு விட்டிருந்தாலோ கணக்கு மாறும்: மிச்சமாகும் வாடகை அல்லது வரும் வாடகை 4 என்றால், விலை 3.5 சதவீதம் ஏறினால் போதும். வாங்கியபோது கொடுத்த விலைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ‘போட்ட காசாவது வரட்டும்’ என்று காத்திருந்து, அதற்கு மேல் வட்டியாகக் கட்டியவர்கள் ஏராளம்.

விற்று வேறு வீடு வாங்குபவர்களுக்கு, விலை இறங்குவது எப்போதும் கெடுதல் அல்ல. 80க்கு விற்று 120க்கு வாங்குகிறீர்கள். எல்லாமே 10 சதவீதம் இறங்கினால் விற்பதில் 8 இழப்பு, வாங்குவதில் 12 மிச்சம். பெரிய வீட்டிலிருந்து சிறியதற்குப் போனால் இதே கணக்கு தலைகீழ். எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். மந்தமான சந்தையில் முதலில் வாங்கிவிட்டுப் பழைய வீடு விற்காமல் நின்றால், இரண்டு தவணை கழுத்தில் விழும். இரண்டையும் குறைந்தது 6 மாதம் தாங்கும் ரொக்கம் இல்லையென்றால் முதலில் விற்றுவிடுங்கள். இடையில் வாடகைக்கு இருப்பது தொல்லைதான், ஆனாலும் செலவு குறைவு.

சந்தையின் நாடி பார்க்க வட்டியைக் கவனியுங்கள். 20 ஆண்டுக் கடனில் 1 லட்சத்துக்கு மாதத் தவணை 7 சதவீத வட்டியில் சுமார் 775. 9 சதவீதத்தில் சுமார் 900. வட்டி 7-லிருந்து 9 ஆக ஏறினால், மாதம் 775 மட்டுமே கட்டக்கூடியவருக்கு 86 ஆயிரம்தான் கடன் கிடைக்கும். வாங்குபவரால் முன்போல் கொடுக்க முடியாது, விற்பவர்களோ உடனே இறங்கி வர மாட்டார்கள். அதனால் முதலில் விற்பனை குறையும், பிறகுதான் விலை இறங்கும். விற்பனைக்கு நிற்கும் வீடுகளை மாத விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 120 வீடுகள் நின்று மாதம் 15 விற்றால், 8 மாதச் சரக்கு. சுமார் 6 மாதத்தைச் சமநிலை என்பார்கள். அதைத் தாண்டினால் பேரம் வாங்குபவர் கையில்.

தவணை கட்டவே திணறுகிறீர்கள் என்றால் இத்தனை கணக்கு வேண்டாம். ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசிவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள். ஏலத்துக்குப் போன வீட்டுக்கு நல்ல விலை கிடைப்பது அரிது.

விற்பது என்று முடிவானால், இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற விலையை முன்பே எழுதி வையுங்கள். முதல் 3, 4 வாரங்களில்தான் கூட்டம் வரும். அப்போது ஏற்றிச் சொன்ன விலையைப் பிறகு தவணை தவணையாகக் குறைத்தால், ‘வீட்டில் ஏதோ கோளாறு’ என்ற சந்தேகம்தான் மிஞ்சும். யாருமே பார்க்க வரவில்லை என்றால் விலை அதிகம். பலர் வந்தும் ஒருவரும் விலை பேசவில்லை என்றால் வீட்டில் ஏதோ உறுத்துகிறது. கூரையில் உள்ள நீர்க்கறை போல. அதன்மேல் வெறுமனே பெயின்ட் அடித்தால் மீண்டும் மஞ்சளாகக் கசியும். கசிவை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறையைத் தடுக்கும் அடிப்பூச்சு (பிரைமர்) பூசி, பிறகு அடியுங்கள்; பழுதுபார்த்த ரசீதை எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

விலை படிந்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. வாங்குபவரின் வங்கி, பேசிய விலைக்குக் குறைவாக வீட்டை மதிப்பிட்டால் அவருக்குக் கடன் போதாமல் பேச்சு முறியும். எனவே அதிக விலை சொன்னவரைவிட, கடன் ஒப்புதலும் சொந்தப் பணமும் கையில் வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே, கடன் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் யாருக்கு, எத்தனை நாளுக்குள் கிரயம் முடிய வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.