காங்கேயத்தில் இன்றைக்கு மழை உண்டா? கோடையில் நம்ம ஊர் வானத்தை நாமே படிப்பது எப்படி

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். களத்தில் நாலு நாள் காய்ந்த கொப்பரை, இன்னும் ஒரே ஒரு வெயில் பட்டால் மூட்டை பிடித்துவிடலாம் என்கிற பக்குவம். போனைத் திறந்தால் முழுச் சூரியன் படம், மழை வாய்ப்பு 10 சதவீதம் என்றது. நம்பி இருந்துவிட்டேன். சாயங்காலம் நாலரைக்குக் கிழக்கே கறுத்தது, ஐந்தாவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது, தார்ப்பாய் இழுக்க ஆள் போதவில்லை. நனைந்த கொப்பரை பூஞ்சை பிடித்து அடிமாட்டு விலைக்குப் போனது. எட்டு கிலோமீட்டர் தள்ளி மச்சான் களத்தில் அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் நோட்டுப் போட்டு எழுதி, எதை நம்பலாம், எதை எவ்வளவு நம்பலாம் என்று கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன். காங்கேயத்தை வைத்துச் சொன்னாலும் வெள்ளக்கோவில், தாராபுரம், பெருந்துறை, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். களம் வைத்திருப்பவர், சோளத்தட்டு அறுத்துப் போட்டவர், நாளைக்குக் கான்கிரீட் போடப் போகிறவர், மாரியம்மன் நோம்பிக்குப் பந்தல் போட்டவர் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

முதலில் அந்தப் போன் காட்டுகிற எண். "காங்கேயம் 38 டிகிரி" என்று வருகிறதே, அதை யாரும் காங்கேயத்தில் அளந்து சொல்லவில்லை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினி போடுகிற கணக்கு அது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணக்கில் ஒரு கட்டம் சுமார் 13 கிலோமீட்டர், ஐரோப்பிய வானிலை மையத்தின் கணக்கில் 9 கிலோமீட்டர், 2025 மே மாதம் நம் நாடு தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். ஒரு கோடை இடிமழை மேகத்தின் அகலமே பல நேரம் ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். வலைக்கண்ணை விட மீன் சின்னது, எப்படிச் சிக்கும்? அதனால் வெப்பநிலையை ஓரளவு சரியாகச் சொல்கிற அதே செயலி, மழையில் கோட்டை விடுகிறது. ஐப்பசி அடைமழையை மூன்று நாள் முன்னாலேயே பிடிக்கிற கணக்கு, சித்திரை மழையை மூன்று மணி நேரம் முன்னால்கூடப் பிடிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம், அது ஊர் முழுக்க மூடுகிற மேகம், இது தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற மேகம்.

செய்தித்தாளில் வருகிற வெப்பநிலை வேறு, அது நிஜமாகவே கருவி வைத்து அளந்தது. நமக்குச் சுற்றிலும் ஈரோடு, கரூர் பரமத்தி, கோவை விமான நிலையம் என்று மூன்று இடத்து எண் வரும். இதில் எதைப் பார்ப்பது? கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், ஈரோடு அதில் பாதிக்கும் குறைவு, காங்கேயம் இரண்டுக்கும் நடுவில். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குறையும், நல்ல வெயிலில் ஒரு டிகிரி வரைக்கும் குறையும். அதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்கு முதலில் கிடைத்துவிடுகிறது. ஆக, ஈரோடு எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள், கோவை எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், ரெண்டுக்கும் இடையில் நம்ம ஊர் இருக்கும். என் நோட்டில் பெரும்பாலான நாள் இப்படித்தான் வந்திருக்கிறது. செய்தியில் "சதம் அடித்தது" என்பது பாரன்ஹீட் கணக்கு, 100 என்றால் 37.8 செல்சியஸ், 104 என்றால் 40.

வீட்டிலேயே அளக்க வேண்டுமானால் வெப்பமானியை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து நாலு, நாலரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். வடக்குப் பார்த்த திண்ணை நல்லது. தகரக் கூரைக்கு அடியிலும் சுடுகிற சுவரிலும் மாட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். வெயிலில் நின்ற கார் காட்டுகிற 44-ஐ நம்பி யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள்.

அக்னி நட்சத்திரம்தான் உச்ச வெயில் என்று எல்லோரும் சொல்கிறோம், மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை. ஆனால் அது பஞ்சாங்கக் கணக்கு, வானிலை மையத்தின் கணக்கு அல்ல. கொங்குநாட்டில் பல வருசம் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் கொளுத்துகிறது, 2024 ஏப்ரலில் ஈரோடும் கரூர் பரமத்தியும் நாள் கணக்கில் 40-க்கு மேலே போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மே நடுவில் கோடை மழை நாலு விழுந்து, கடைசியில் கணவாய்க் காற்றும் பிடித்துவிட்டால் வெயில் தானாக இறங்கிவிடும். சென்னையில் மே கடைசியும் ஜூன் தொடக்கமும் தகிக்கும்போது நம் பக்கம் தலைமுடி பறக்கிற காற்று அடிக்கிறது. அதனால் சென்னைச் செய்தியைப் பார்த்து இங்கே வேலையைத் திட்டமிடக் கூடாது. வேலையாட்களுக்கு மோரும் நிழலும் மார்ச்சிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள், அக்னி வரட்டும் என்று இருக்காதீர்கள்.

"வெப்ப அலை" என்ற சொல்லையும் சரியாகப் படிக்க வேண்டும். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் வழக்கமான அளவை விட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வானிலைத் துறை அப்படி அறிவிக்கும், 45-ஐத் தொட்டுவிட்டால் வித்தியாசம் பார்க்காமல் அறிவிக்கும். நம் பக்கம் ஏப்ரலில் வழக்கமான அளவே 36, 37 இருப்பதால் 40 அடித்தாலும் அறிவிப்பு வராது. அறிவிப்பு இல்லை என்பதற்காக உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் இல்லை. 39 காட்டினாலே பகல் 12 முதல் 3 வரை களத்தில் ஆளை நிறுத்தாதீர்கள். யாராவது உளறினாலோ, தோல் நெருப்பாகச் சுட்டாலோ நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி மழை. சென்னை மண்டல வானிலை மையம் தினமும் தருகிற அறிக்கையில் வார்த்தைகளுக்கு அளவு உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கிற நிலையங்களில் கால்வாசி வரை. "ஒருசில இடங்களில்" என்றால் கால்வாசியிலிருந்து பாதி. "அநேக இடங்களில்" என்றால் பாதிக்கு மேல், முக்கால் வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்காலுக்கும் மேல். கோடையில் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் வருவது "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன்" என்பதுதான். அப்படியென்றால் நாலில் மூன்று ஊருக்கு மழை இல்லை என்றுதான் அறிக்கையே சொல்கிறது, நம்ம ஊரில் பெய்யவில்லை என்று கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "ஒருசில" என்று வார்த்தை மாறிவிட்டால் மட்டும் நான் உசாராகிவிடுவேன். அளவுக்கும் இப்படித்தான், 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை, 64.4 வரை மிதமானது, அதற்கு மேல் கனமழை. நாம் "செம மழை" என்று சொல்கிற முப்பது மில்லிமீட்டர் அவர்கள் கணக்கில் மிதமானதுதான். செய்தியில் வருகிற மழை அளவு முந்தின நாள் காலை 8.30-லிருந்து அன்றைக்குக் காலை 8.30 வரை பெய்தது.

சரி, ஒரு நாளை எப்படிப் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

காலையில் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தை அல்ல, பனிநிலையை. செயலிகளில் டியூ பாயிண்ட் என்று இருக்கும். ஈரப்பத சதவீதம் வெயில் ஏற ஏறத் தானாக இறங்குவதால் குழப்பும், பனிநிலை அப்படி ஏமாற்றாது, காற்றில் நிஜமாக எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும். 16, 17 டிகிரி என்றால் வறண்ட காற்று, வெயில் அடித்துவிட்டுப் போகும். 22-க்கு மேலே இருந்து, விடிகாலையிலேயே பனியன் முதுகில் ஒட்டினால் மேகத்துக்குத் தீனி இருக்கிறது என்று பொருள்.

அப்புறம் காற்று. இதற்கு நம் பக்கம் இருப்பது போல வசதி வேறெங்கும் இல்லை, காற்றாலைகளைப் பார்த்தால் போதும். எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறதோ அந்தப் பக்கம்தான் இறக்கை முகம் திருப்பி நிற்கும். தாராபுரம் ரோட்டில் போகும்போது பத்துப் பதினோரு மணிக்கே இறக்கைகள் மேற்கைப் பார்த்து வேகமாகச் சுற்றினால், கணவாய்க் காற்று பலமாக இருக்கிறது, அது கிழக்கேயிருந்து வருகிற ஈரக்காற்றைக் கரூர், நாமக்கல் பக்கமே நிறுத்திவிடும், இடிமழையும் பெரும்பாலும் அங்கேதான் கட்டும். நமக்குக் கிழக்கே மின்னுவதோடு சரி. மதியம் வரைக்கும் இறக்கை அசையாமல் நின்றாலோ கிழக்கைப் பார்த்துத் திரும்பினாலோ, ரெண்டு காற்றும் மோதிக்கொள்கிற இடம் நம் தலைக்கு மேலே வரலாம். அறிக்கையில் "காற்றின் திசை மாறுபாடு" என்று எழுதுவது இந்த மாதிரி சங்கதியைத்தான். என் நோட்டில் மழை விழுந்த கோடை நாட்களில் முக்கால்வாசி, மதியம் காற்று செத்துப்போன நாட்கள்.

பகல் ஒன்றிலிருந்து மேகத்தைப் பாருங்கள். அடி தட்டையாக, மேலே பூக்கோசு போல வளர்ந்துகொண்டே போகிற மேகம் கவனிக்க வேண்டியது. அகலத்தில் பரவி உயராமல் இருந்தால் பயமில்லை. உச்சி கரைந்து கொல்லன் பட்டறைக் கல் மாதிரி விரிந்துவிட்டால் அது முழு இடிமேகம், அதன் அடியில் எங்கோ பெய்துகொண்டிருக்கிறது.

ரெண்டு மணிக்கு மேல் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறக்கலாம், அரை மணிக்கு ஒருமுறை புதுப்படம் வரும், நாலைந்து படத்தை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரிந்துவிடும். தரையில் அடிக்கிற காற்றின் திசையிலேயே மேகமும் வரும் என்று நினைக்காதீர்கள், மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் உயரத்துக் காற்றுதான் அதைத் தள்ளுகிறது. விண்டி செயலியில் உயரத்தை 3000 மீட்டர் என்று மாற்றினால் அதையும் பார்க்கலாம். ரேடார் படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கொச்சி ரேடாருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது, காரைக்கால் ரேடார் வெகுதூரத்தில் இருக்கிறது, பூமி வளைவதால் அதன் கதிர் நம்மிடம் வரும்போது உயரத்தில் போய்விடும், மேகத்தின் தலையைத்தான் பார்க்கும். படத்தில் ஒன்றும் இல்லாதபோதே நம் தலையில் கொட்டுவதற்கு இது ஒரு காரணம். வானிலை மையத்தின் "அடுத்த 3 மணி நேரத்தில்" என்கிற மாவட்ட எச்சரிக்கை, கோடையில் மற்ற எல்லாவற்றையும் விடப் பயன்படுவது. நாளைக்கு என்ன, அடுத்த வாரம் என்ன என்று பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

கடைசி அரை மணி நேரம் கண்ணுக்கு வேலை. எங்களுக்கு வடக்கே சென்னிமலை, தெற்கே ஊதியூர் மலை, இவை ரெண்டும்தான் அடையாளம். மலையின் பச்சை தெரிகிற வரைக்கும் நேரம் இருக்கிறது, வெள்ளைத் திரை விழுந்து மலை மறைந்துவிட்டால் அங்கே மழை இறங்கிவிட்டது, நம் பக்கம் நகர்ந்தால் அரை மணிதான் கெடு. புழுக்கம் நின்று திடீரென்று ஜில்லென்ற காற்றும் மண்வாசமும் வந்துவிட்டால் கெடு நிமிடக் கணக்கு. மழையால் குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து கீழே விழுந்து முன்னால் ஓடி வருவதுதான் அது. கோபி, சத்தி பக்கம் குலை தள்ளிய நேந்திரன் வாழையைச் சாய்ப்பதும் இந்தக் காற்றுதான். அது வந்தபின் தார்ப்பாய் விரித்தால் ஆளையும் சேர்த்துத் தூக்கும், ஓரங்களில் மணல் மூட்டை முன்பே வைத்திருக்க வேண்டும்.

மின்னல் விசயத்தில் தைரியம் காட்டவே கூடாது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் நொடிக்கு ஒன்றாக எண்ணுங்கள், மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகு வெளியே வாருங்கள். தென்னை, பனை, தனி வேம்பு எதனடியிலும் நிற்கக் கூடாது. தாமினி என்று ஒரு செயலி இருக்கிறது, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினுடையது, பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். ஆடு மேய்க்கப் போகிறவர் போனில் இதைக் கட்டாயம் போட்டுக் கொடுங்கள், கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஒதுங்க இடமே கிடையாது.

எப்போது மூடுவது என்பது தனிக் கணக்கு. தேவையில்லாமல் குவித்து மூடினால் அரை நாள் வெயிலும் கூலியும் போகும், சூட்டோடு மூடிய கொப்பரை உள்ளுக்குள் வியர்க்கவும் செய்யும். மூடாமல் நனைந்தால் மொத்தமும் போகும். அதனால் கடைசிப் பக்குவத்தில் இருக்கிற சரக்கு என்றால், பனிநிலை 22-க்கு மேல், காற்று செத்தது, கிழக்கே மேகம் வளர்கிறது, இந்த மூன்றில் ரெண்டு சேர்ந்தாலே மூன்றரை மணிக்கு மூடிவிடுகிறேன். அன்றைக்கு உடைத்துப் போட்ட காய் என்றால் மூன்றும் சேர்கிற வரை பொறுப்பேன். "ஏனுங்க, மூடிரலாங்களா?" என்று களத்து அக்கா கேட்டால் இப்போதெல்லாம் போனைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை, அவருடைய கண் என் கண்ணை விடக் கூர்மை.

விவசாய வேலைக்கு அஞ்சு நாள் கணக்கு வேண்டும் என்றால் செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கையைப் பாருங்கள், மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும்.

நோட்டு கட்டாயம் போடுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற பாத்திரம் ஒன்றை மரம், கூரை மறைக்காத இடத்தில் வைத்து, காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டு அளந்தால் அதுதான் மழைமானி. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் தண்ணீர். என் அப்பாரு "ஒரு உழவு மழை" என்பார், எங்கள் செம்மண்ணில் அளந்து பார்த்தபோது அது 20, 25 மில்லிமீட்டர் வாக்கில் வந்தது. தேதி, காலைப் பனிநிலை, மதியம் காற்று எந்தப் பக்கம், மழை எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து, இவ்வளவு எழுதினால் போதும். மழை வராத நாளையும் எழுத வேண்டும், அதை விட்டுவிட்டால் நோட்டுக்குப் பாதி மதிப்புதான்.