சிவப்பு விளக்கு அணையட்டும்

விமானத்தளத் தரைப்பணியில் இருக்கும்போது, விமானம் நின்றுவிட்டதே என்று எஞ்சின் பக்கம் நகராதீர்கள். விமான உடலின் மேலும் கீழும் மின்னும் சிவப்பு பீக்கன் (எச்சரிக்கை) விளக்கு அணைந்த பிறகும், எஞ்சின் முகப்பிலுள்ள ஃபேன் வேகம் குறைந்து அதன் நடுக்கூம்பில் வரைந்த வெள்ளைச் சுருள்கோடு தெளிவாகத் தெரியும்வரை பொறுங்கள்.

போயிங் 737-இன் எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓடும்போதே எஞ்சின் முகப்பைச் சுற்றி சுமார் 3 மீட்டர், எஞ்சினுக்குப் பின்னால் சுமார் 30 மீட்டர் ஆபத்துப் பகுதி. த்ராட்டிலால் எஞ்சின் வேகம் கூடினால் இரண்டும் விரியும். மற்ற ரகங்களுக்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள். எஞ்சின் முகப்பை நெருங்க நெருங்க அது உள்ளிழுக்கும் விசை படிப்படியாக அதிகரிப்பதில்லை. கடைசிச் சில அடிகளில் சட்டென்று ஏறும், பின்வாங்க நேரமிருக்காது. முதலில் பறப்பது தொப்பியும் கழுத்து அடையாள அட்டையும்தான்; அதைப் பிடிக்கக் கை நீட்டுவதுதான் பெரிய வினை. இரண்டையும் முன்பே கழற்றிவிடுங்கள். எஞ்சின் இரைச்சலுக்குக் காதில் பிளக் (அடைப்பான்), அதன்மேல் மஃப் (காதுமூடி): ஒன்று மட்டும் போதாது.