ஸ்டெப்பர் மோட்டார் வாங்கும் முன் இண்டக்டன்ஸைப் பாருங்கள்

வீட்டிலேயே சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டிச் செதுக்கும் மெஷின்) கட்டுபவர்கள் பலர் ஹோல்டிங் டார்க்கை மட்டும் பார்த்துப் பெரிய ஸ்டெப்பர் மோட்டாராக (சிறுசிறு படிகளாகச் சுற்றும் மோட்டார்) எடுத்துவிடுகிறார்கள். ஹோல்டிங் டார்க் என்பது மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது உள்ள திருகு பலம். வேகம் கூடக்கூட டார்க் இறங்கும். காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது கரன்ட் சட்டென்று மாறவிடாமல் தடுக்கும் தன்மை, அதிகமென்றால் இன்னும் சீக்கிரம் இறங்கும். டேட்டாஷீட்டில் இண்டக்டன்ஸ் எத்தனை மில்லிஹென்றி என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால், சப்ளை வோல்டேஜின் உச்சவரம்பு தோராயமாகக் கிடைக்கும்: 2.25 மில்லிஹென்றிக்கு 48 வோல்ட். மோட்டாரில் 3 வோல்ட் என்றுதானே போட்டிருக்கிறது என்று பயப்பட வேண்டாம், கரன்ட் அளவை மீறாமல் டிரைவர் (மோட்டாரை இயக்கும் சர்க்யூட்) பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், 50 வோல்ட் வரை தாங்கும் டிரைவருக்கு 48 கொடுக்காதீர்கள். வேகம் சட்டென்று குறையும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி வோல்டேஜை ஏற்றிவிடும். அந்த டிரைவருக்கு 36 வோல்ட் சப்ளையே போதும்.