மூன்று படிக்கு எத்தனை அடி சாய்தளம்?

வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடச் சொன்னால் மேஸ்திரிக்கு நினைவுக்கு வருவது பைக் ஏற்றும் சரிவுதான். மூன்று படிக்கு நாலடி நீளத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தானாக ஏற முடியாது. இறங்கினால் முன்பக்கம் குப்புற விழ வேண்டியதுதான்.

கணக்கு 12-க்கு 1: நீளம் 12 என்றால் உயரம் 1. நம் டேப்பில் இன்னும் எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். 6 அங்குலப் படி மூன்று என்றால் 18 அடி. ஆனால் படியை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். கீழ்ப்படி பாதி ரோட்டில் புதைந்திருக்கும். டைல்ஸ் ஒட்டி முடித்த உள்தரையிலிருந்து, சாய்தளம் தொடங்கும் தரை வரை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து அளக்க வேண்டும்.

நேராக 18 அடிக்கு இடமிருக்காது, தெருவுக்குள் நீட்டவும் கூடாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். அதுவும் முடியாவிட்டால் 9 அடி ஏறித் திரும்பி இன்னொரு 9 அடி. திரும்பும் இடத்திலும் கதவுக்கு முன்னும் குறைந்தது 5-க்கு 5 அடி சமதளம் வேண்டும். இடம் போதவில்லை என்றதும் முதலில் கைவைப்பது இதில்தான். சமதளம் இல்லாமல் கதவைத் திறக்கக் கையை எடுத்தால் நாற்காலி பின்னால் உருண்டுவிடும். கதவு வெளிப்பக்கம் திறந்தால் அதன் அகலத்தையும் 5 அடியோடு கூட்டுங்கள்.

கைப்பிடிகளுக்கு நடுவே 4 அடி அகலம். ஓரங்களில் 4 அங்குலத் திட்டு, இல்லையேல் சக்கரம் நழுவும். கைப்பிடி இரு பக்கமும் 36, 28 அங்குல உயரங்களில் இரண்டிரண்டு. ஒன்றரை அங்குலக் குழாய், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. நெருக்கி வைத்தால் விரல் முட்டி உரசும்.

சாய்தளத்துக்கு அடியில் நிரப்பும் மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். சோம்பல்பட்டால் ஒரு மழைக்காலத்தில் தளம் இறங்கி, வாசல் சேருமிடத்தில் ஓர் அங்குலப் படி முளைக்கும். வழுக்காமலிருக்க, மேற்பூச்சு ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்காக இழுத்தால் போதும். பைக்குக்குப் போடுவதுபோல் ஆழக் காடி வெட்டினால் முன்னாலிருக்கும் சின்னச் சக்கரங்கள் சிக்கும். பளபள டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

கான்கிரீட் இறுகுமுன் 4 அடிப் பலகையைச் சரிவில் வைத்து, ரசமட்டம் சமமாகும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்குக் கீழே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் சரிவு அதிகம். அப்போதே உடைத்துவிடுவது மலிவு.

படிகளை இடிக்காதீர்கள். ஊன்றுகோலோடு வரும் பலருக்குச் சரிவைவிடப் படிதான் வசதி.

கடைசியில் நிலைப்படி. மஞ்சள் குங்குமம் வைத்த கட்டையை எடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அரை அங்குலத்துக்கு மேல் உயரமிருந்தால் உள்ளும் புறமும் அதே கணக்கில் சிறு சரிவு கொடுங்கள்: 2 அங்குலக் கட்டைக்கு ஒவ்வொரு பக்கமும் 2 அடி.