கொழும்பில் வீட்டுச் செலவு: எங்கே பிடித்தால் குறையும்?

செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே முதல் அடி மீன் சட்டியில்தான் விழுகிறது. வாரத்தில் மூன்று நாள் மீன் இரண்டாகும், பிள்ளைகளின் பிஸ்கட் நிற்கும், எல்லோர் முகமும் தொங்கும். மாதக் கடைசியில் பார்த்தால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இராது. கொழும்பில் காசு கூடுதலாகப் போவது ஓர் எல்லையைத் தாண்டியதும் விலை குதிக்கிற இடங்களில்: கரண்ட் பில், தண்ணீர் பில், சின்னப் பைக்கற்றில் வாங்குகிற சாமான். வெள்ளவத்தை பிளாட்டிலோ கொட்டாஞ்சேனை வாடகை வீட்டிலோ புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் இந்த வரிசையில் செய்து பாருங்கள். சாப்பாட்டில் கை வைக்கத் தேவையில்லை.

1. ஒரு கொப்பி போடுங்கள்

ஒரு சி.ஆர் கொப்பி போதும். ஃபோனில் எழுதுகிற ஆப் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் வீட்டில் இரண்டு மூன்று பேர் செலவழிக்கும்போது, குசினி மேசையில் கிடக்கிற கொப்பியில்தான் எல்லோரும் எழுதுவார்கள். மூன்று நிரல் போடுங்கள்: வாடகையும் பில்களும், சாமான், மற்றது. ஓட்டோ, ரீலோட், கடைச் சாப்பாடு, பிள்ளைகள் கேட்கிற சில்லறை எல்லாம் "மற்றது". முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். அநேக வீடுகளில் "மற்றது" நிரல்தான் முதலில் நிரம்பும்.

2. கரண்ட்: 2, 3, 4, 6

இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், கூடிய மிச்சம் இங்கேதான்.

வீட்டு மின் கட்டணம் ஒரே விலையில் ஓடுவதில்லை. மாதத்துக்கு 60, 90, 120, 180 அலகு என்று எல்லைகள் இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் அதற்கு மேலுள்ள அலகின் விலை ஏறும், கூடவே மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். 60ஐத் தாண்டினால் இன்னொரு வில்லங்கம்: முதல் 30 அலகுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும், தொடக்கத்திலிருந்தே வேறு கணக்கு. விலைகளைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடிக்கடி மாற்றும், ஆகவே ரூபாய்க் கணக்கை மனப்பாடம் செய்து பயனில்லை. எல்லையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீற்றர் பார்க்க வருபவர் எப்போதும் சரியாக 30ஆம் நாள் வரமாட்டார். அதற்குப் பயப்பட வேண்டாம். எல்லைகளை நாள் கணக்குக்கு ஏற்றபடி நீட்டித்தான் பில் போடுகிறார்கள். 34 நாளுக்கு வந்த பில்லில் 60 என்பது 68 ஆகிவிடும். ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு எத்தனை அலகு என்று பாருங்கள். அந்த நான்கு எல்லையும் அப்போது 2, 3, 4, 6 ஆகிவிடும். இந்த நாலு இலக்கத்தையும் கொப்பியின் முன் மட்டையில் எழுதி வையுங்கள்.

சரி, இனிச் செய்ய வேண்டியது:

பில் வந்த அன்று அதிலுள்ள மீற்றர் இலக்கத்தைக் கொப்பியில் குறியுங்கள். பத்தாம் நாள் போய் மீற்றரைப் பாருங்கள். பழைய சக்கர மீற்றர் என்றால் கடைசியில் சிவப்பாக இருக்கிற இலக்கத்தை விட்டுவிடுங்கள், அது தசமம். கழித்து, பத்தால் வகுத்துப் பாருங்கள். 43 அலகு போயிருந்தால் நாளுக்கு 4.3. அதாவது 4 என்ற எல்லைக்குச் சற்று மேலே நிற்கிறீர்கள். இன்னும் 20 நாள் இருக்கிறது. நாளுக்கு அரை அலகு குறைத்தால் எல்லைக்குள் வந்துவிடலாம். அதே வீடு 5.2இல் நின்றால் 4க்கு இறங்குவது சிரமம், 6க்கும் இடமிருக்கிறது. அந்த மாதம் ஃபானை நிறுத்தி எல்லோரையும் வேர்க்க வைப்பதில் பெரிய அர்த்தமில்லை.

எதைக் குறைப்பது? பொருளின் பின்பக்கத்தில் வாற்ஸ் எழுதியிருக்கும். அதை மணித்தியாலத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் அலகு. சாதாரண சீலிங் ஃபான் ஏறக்குறைய 75 வாற்ஸ். பத்து மணித்தியாலம் ஓடினால் முக்கால் அலகு. மூன்று அறையில் மூன்று ஃபான் என்றால் 2.25, முதல் எல்லை அதிலேயே போய்விட்டது. குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற பி.எல்.டி.சி ஃபான் இதில் பாதிக்கும் குறைவாகத்தான் எடுக்கும். விலை கூடத்தான், இரவு முழுக்க ஓடுகிற படுக்கையறைக்கு ஒன்று முதலில் போட்டுப் பாருங்கள்.

பாத்ரூமில் இருக்கிற சுடுதண்ணி ஷவர்தான் பெரிய ஆள். 3500 வாற்ஸ் ஷவரில் நாலு பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.3 அலகு. கொழும்பு வெக்கைக்கு அது எதற்கு என்பது என் கட்சி. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம். அயர்ன் பண்ணுவதைத் தினமும் காலையில் ஒரு சட்டை என்று செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக முடியுங்கள், ஒவ்வொரு முறையும் சூடாகிற செலவு மிச்சம்.

ஃபிரிட்ஜுக்கு ஒரு சின்னச் சோதனை: இருபது ரூபாய்த் தாளைக் கதவு விளிம்பில் பாதி வெளியே தெரிய வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுக்கும்போது தாள் இறுக்கமாக வந்தால் ரப்பர் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் வெளியேறுகிறது, மோட்டார் நாள் முழுக்க ஓடும். மேலே, கீழே, பிடிக்குப் பக்கத்தில் என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். பல நேரம் ரப்பர் பழுதாகியிராது. மடிப்புக்குள் அழுக்கு ஏறியிருக்கும், சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகும்.

வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே மீற்றர் என்றால் இரண்டு குடும்பத்தின் அலகும் ஒன்றாகக் கூடி மேல் எல்லைக்குப் போய்விடும். நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் மேல் விலைதான். வாடகை பேசும்போதே தனி மீற்றர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு துணை மீற்றர் பூட்டி, அலகு விகிதப்படி பில்லைப் பிரிக்க ஒத்துக்கொள்வாரா என்று பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

3. தண்ணீர்

தண்ணீர் பில்லிலும் அதே கதைதான். ஓர் அலகு 1000 லீற்றர், அங்கும் அலகு கூடக்கூட விலை ஏறும். இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் எங்கேயோ ஒழுக்கு. முதல் சந்தேகம் கொமட்டில் வையுங்கள்: சிஸ்டனுக்குள் பீட்ரூட் அவித்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, அரை மணித்தியாலம் யாரையும் போகவிடாமல் வைத்தால், கீழே சிவப்பு இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

4. காஸ்

புது சிலிண்டர் பூட்டிய தேதியைக் கொப்பியில் எழுதுங்கள், 12.5 கிலோ உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்று தெரியாமல் மிச்சம் பிடித்தோமா என்று சொல்ல முடியாது. வெறும் சிலிண்டரின் எடை அதிலேயே பொறித்திருக்கும். எடுக்கும்போது தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடலை, பயறு முதல் நாள் இரவே ஊறட்டும். கொதி வந்ததும் நெருப்பைத் தணித்து மூடி போடுங்கள். தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றுதான், வேகிற நேரமும் ஒன்றுதான். நெருப்பு மஞ்சளாக எரிந்து சட்டி கரி பிடித்தால் பேர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

5. சாமான்

விலையைப் பார்க்காதீர்கள், கிலோ விலையைப் பாருங்கள். பைக்கற்றின் விலையைக் கிராமால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் கிலோ விலை. பால்மா, ஷாம்பு, சலவைத்தூள் மூன்றுக்கும் ஒருமுறை கணக்குப் போட்டுக் கொப்பியில் எழுதி வைத்தால் போதும், பிறகு கை தானாகச் சரியான அளவுக்குப் போகும். பெரிய பைக்கற்றுத்தான் எப்போதும் மலிவு என்றும் இல்லை, சலுகை நாட்களில் தலைகீழாகவும் இருக்கும்.

பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், கொத்தமல்லி போன்ற கெடாத சாமானுக்குப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு. காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் ஏறினால் நேரே அங்கே இறங்கலாம். ஞாயிறும் போயா நாளும் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு, வேலை நாளில் காலையிலேயே போங்கள். ஒரு குடும்பத்துக்கு மூட்டை கூடிப்போகும். பிளாட்டில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரிப்பதுதான் வழி. திரும்பும்போது ஓட்டோ பிடிக்க வேண்டிய பாரம் என்றால், அந்தக் காசையும் சாமான் விலையோடு கூட்டிப் பாருங்கள். (செட்டியார் தெருப் பக்கம் திரும்பாமல் வருவது நல்லது. அங்கே நகைக் கடைகள்.)

கொழும்பின் ஈரக்காற்றில் பருப்புக்கும் மாவுக்கும் வண்டு சீக்கிரம் வரும். இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கியதைச் சில நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்து, பிறகு இறுக்கமான போத்தலில் போடுங்கள். சரக்குத்தூளுக்கு மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் தனித்தனியே வாங்கி வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்துவிடலாம். மணம் கடைத்தூளில் வராது.

மரக்கறியை மொத்தமாக வாங்க வேண்டாம். புறக்கோட்டையில் இருந்த மரக்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போய்விட்டது, இரண்டு கிலோ கத்தரிக்காய்க்காக அவ்வளவு தூரம் அலைவது வீண். பக்கத்துச் சந்தைக்குப் பின்னேரம், கடை எடுத்துவைக்கிற நேரம் போனால் கீரையும் தக்காளியும் விலை இறங்கியிருக்கும். மலையகத்தில் மழை அடித்துக் கரட், லீக்ஸ் ஏறினால் அந்த வாரம் புடலங்காய், பூசணி, வல்லாரை என்று மாறிவிடுங்கள். மீனும் அப்படித்தான். அறக்குளா இல்லாத நாளில் சாளை வாங்கிப் புளி விட்டு வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, பைக்கற்றில் அச்சடித்த அதிகபட்ச சில்லறை விலையைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். குளிராக்கினேன், தூரத்திலிருந்து கொண்டுவந்தேன் என்று அதற்கு மேல் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்டால் பில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இடத்திலேயே பலர் விலையை இறக்கிவிடுவார்கள். இறக்காவிட்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லலாம்.