ஸ்கேனர் காட்டிய சிவப்புக் கோடு: என் அனுபவம்

2024 ஜூலையில், டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் எங்கள் சர்வர்கள் இரண்டையும், பாதுகாப்புக் குறைகளைத் தேடும் மென்பொருளான ஸ்கேனர் சிவப்பில் காட்டியது. காரணம், சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் அந்த மாதம் 1ஆம் தேதி வெளியான பாதுகாப்புக் குறை; அதன் பொது அடையாள எண் சிவிஇ-2024-6387. நான் அப்டேட் செய்துவிட்டேன் என்றேன். அறிக்கையைக் கையில் வைத்திருந்த மேலாளர் நம்பவில்லை.

குறையின் எண்ணைக் கொடுத்து, அதைக் கண்டுபிடிக்கும் சோதனையின் விளக்கத்தை ஸ்கேனரிலேயே தேடினேன். அங்கே கடைசி வரியில் விடை இருந்தது: குறையை நேரடியாகச் சோதிக்கவில்லை, மென்பொருள் தானே சொல்லும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தோம். இதை முதல் வரியில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

குறை மூல மென்பொருளில் 9.8 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. டெபியனோ பழைய 9.2 பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டித் தருகிறது. வால் எண்தான் மாறும். திருத்தம் வந்த பொதியின் (டெபியன் நிறுவத் தரும் மென்பொருள் கட்டு) பதிப்பு எண் ‘டெப்12யூ3’ என்று முடியும். ஸ்கேனர் 9.2-ஐப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஸ்கேனருக்கு லாகின் கொடுத்து, பொதிப் பட்டியலை உள்ளே போய்ப் படிக்கும்படி மீண்டும் ஓட்டினேன். முதல் சர்வரின் சிவப்பு மறைந்தது. இரண்டாவது அப்படியே நின்றது. டெர்மினலில் பார்த்தேன்: வால் எண் 2. அதில் நான் அப்டேட் செய்யவே இல்லை. மேலாளரிடம் சொல்லுமுன் அவசரமாக அப்டேட் செய்து, மூன்றாம் முறை ஸ்கேன் ஓட்டினேன்.